கடல் பார்க்கும் வில்லை

“டீச்சர், என் வில்லை தெளிஞ்சாச்சு. இனி எனக்குத் தனி உலை தரணும்.”

தேவசகாயம் கண்ணாடிப் பட்டறைகளில் தலை நரைத்தவர். பீங்கானைக் கண்ணாடிபோலத் தெளியவைக்கும் வித்தையைக் கற்க, தன்னைவிட இளையவளான தமயந்தியிடம் சீடராகச் சேர்ந்திருந்தார். இரண்டாவது உலையின் சாவி அவள் இடுப்பில் தொங்கியது. அதைப் பார்க்காமல் அவரால் பேச முடிவதில்லை.

வில்லை, கடலில் தத்தளிப்பவர்களைத் தேடும் படகின் கேமராவுக்கு முன்னால் பொருத்த. கண்ணாடி போட்டால் மணலும் உப்பும் கீறிவிடும். பீங்கான் தாங்கும்.

அவர் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் வில்லையை வைத்தார்.

“வாசிங்க. வரி விளம்பரம்கூடத் தெரியுது.”

தமயந்தி வாசிக்கவில்லை. வில்லையைத் தாளிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கினாள்.

எழுத்து மறைந்தது. வெறும் பால் வெள்ளை.

“தாள்ல ஒட்டியிருந்தா தெரியுதே!”

“கடலைக் கொண்டுவந்து இதுல ஒட்டிருவீங்களா, அண்ணாச்சி?”

அவருக்குச் சுருக்கென்றது.

“தூளைத் திரும்பத் திரும்பச் சலிச்சேன். உள்ள என்ன அழுக்கு இருக்கு?”

“அழுக்கு இல்ல. காத்து.”

“காத்து ஒளியை மறிக்குமா?”

“பொடிப்பொடியா உள்ள அடைபட்டா மறிக்கும். வெளியே போக விட்டீங்களா?”

அவருக்கு உலையை அவசரமாகச் சூடேற்றியது நினைவுக்கு வந்தது. மேல்தோல் முந்தி இறுகியிருக்கும். காற்றுக்கு வழி அடைபட்டுப்போயிருக்கும்.

வில்லையைக் குப்பையில் போட்டார். புதுத் தூளை அச்சில் அழுத்தி, உலையில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

தமயந்தி ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

“ஆச்சா, அண்ணாச்சி?”

“காத்து இன்னும் போயிட்டிருக்கு, டீச்சர்.”

மெருகேற்றிய வில்லையோடு அவர் வந்தபோது, அவள் செய்தித்தாளை நீட்டினாள்.

அவர் அதை வாங்கவில்லை. கூடத்தின் மறுகோடிக்கு நடந்தார். அங்கே திரும்பி நின்று, ஒரு கண்ணை மூடி, வில்லை வழியாக அவளைப் பார்த்தார்.

“என்ன தெரியுது?”

“உங்க நெத்தியில கரி.”

முந்தானையால் துடைத்தாள்.

“போகல, டீச்சர். இடது புருவத்துக்கு மேல.”

அழுத்தித் துடைத்தாள். பிறகு இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்தாள்.