வாசலுக்கு வந்த ஜீப்

ஈச்சங்குப்பத்தில் மூன்று அறிவாளிகள் இருந்தார்கள். அப்படித்தான் அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். ஊர்க்காரர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள், அதனால் கேட்க வேண்டாம். பெரியவன் வடமலை, நடுவில் ஏகாம்பரம், கடைக்குட்டி தணிகாசலம். அண்ணன் தம்பிகள். மூளையிலும் கூட்டுக் குடும்பம்தான். மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்று.

தணிகாசலத்துக்கு ஹவில்தார் முனிரத்தினத்தின் மகள் அமிர்தவல்லி மேல் உயிர். அவளுக்கும் இவன்தான் வேண்டுமாம். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். ஹவில்தார் பட்டாளத்தில் இருபது வருஷம் ஜீப் ஓட்டியவர். ராணுவம் கழித்துப்போட்ட ஜீப் ஒன்றை இவர்கள் ஏலத்தில் எடுத்து வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நேரே வந்து நின்றார்.

"இதைச் சரிபண்ணி, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என் வாசல்ல நிறுத்தணும். நின்னா பொண்ணு உனக்கு. இல்லேன்னா ஆரணி மாப்பிள்ளைக்கு."

அதோடு போயிருக்கலாம். மனுஷன் உத்தரவு வேறு போட்டார்.

"வெயில் மழை படாம வீட்டுக்குள்ள வச்சு வேலை பாருங்க. மாட்டி முடிச்சா ஒரு போல்ட்டுகூட மிச்சமாகக் கூடாது. பெயிண்ட் அடிச்சா, வண்டி நிக்கிற இடத்தோட இடமா தெரியணும். எதிரி கண்ணுல படக் கூடாது."

வண்டி அகலம் ஐந்தடி. வீட்டுக் கதவு மூன்றடி. அதனாலென்ன? தெருவிலேயே கழற்றித் துண்டு துண்டாகக் கூடத்துக்குள் கொண்டுபோனார்கள். துரு தேய்த்தார்கள், மண்ணெண்ணெயில் கழுவினார்கள், திரும்ப மாட்டினார்கள். உள்ளதைச் சொல்லணும், இன்ஜின் சிங்கமாட்டம் உறுமியது. கைக்குக் கொடுத்த கடவுள் தலைக்கு வரும்போது களைத்துவிட்டார் போல.

ஆனால் எட்டு போல்ட்டு மிச்சம்.

"போச்சு! மாமா ஒண்ணுகூட மிச்சமாகக் கூடாதுன்னாரே!" தணிகாசலத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

"கிணத்துல போட்டுடலாமா?" என்றான் ஏகாம்பரம்.

"போட்டா கிணத்துல எட்டு மிச்சம்டா, மடையா. எங்கேயாவது மாட்டினாத்தான் தீரும்" என்றான் வடமலை.

வண்டியில் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்த ஓட்டை எதுவும் பாக்கியில்லை. ஆகவே இரும்புப் பட்டை போட்டு, சக்கரத்துக்கு இரண்டாக, நான்கு சக்கரத்தையும் தரையோடு சேர்த்து முடுக்கினார்கள்.

"இனிமே வண்டி ஆடவே ஆடாது" என்றான் வடமலை. ஆடவில்லைதான்.

அடுத்து பெயிண்ட். கூடத்துச் சுவர் மேலே நீலம், கீழே காவி. ஜீப்புக்கும் மேலே நீலம், கீழே காவி அடித்தார்கள். சுவரில் காலண்டர் இருந்ததால் ஜீப்பிலும் ஒரு காலண்டர். பால்காரர் வந்து, சுவரில் ஆணி என்று நினைத்து ஜீப் கண்ணாடியில் துண்டை மாட்டிவிட்டுப் போனார். மூன்று பேருக்கும் பெருமை பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டியைக் கிளப்பினார்கள். கூடம் பூரா புகை. வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை.

"போல்ட்டைக் கழட்டிடலாம்ணே" என்றான் ஏகாம்பரம்.

"கழட்டினா எட்டும் மறுபடி மிச்சமாகும். அப்படியே கழட்டினாலும் கதவு மூணடிதானே?"

"சுவரை இடிச்சுட்டா?"

"அப்பா போட்டோவை அப்புறம் எங்கேடா மாட்டுவே?"

மூவரும் போட்டோவைப் பார்த்தார்கள். அப்பாவுக்கும் யோசனை எதுவும் இல்லை.

மணி எட்டு. தணிகாசலம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "அமிர்தா இல்லாம நான் எப்படிண்ணே இருப்பேன்?" என்று தேம்பினான். எனக்கே பாவமாக இருந்தது. முட்டாளாக இருந்தாலும் மனசு இருக்கிறதே.

வடமலை நெற்றியைத் தேய்த்தான். "டேய், மாமா என்ன சொன்னார்? வண்டி அவர் வாசல்ல நிக்கணும். வண்டியை போல்ட்டு போட்டு முடுக்கியாச்சு. வாசலை எவனாவது முடுக்கியிருக்கானா?"

"இல்லைண்ணே!"

கடப்பாரையோடு கிளம்பினார்கள்.

ஹவில்தாரும் மகளும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தார்கள். நிலையைக் கதவோடு பெயர்த்து, மூவரும் தோளில் சுமந்து வந்து, கூடத்தில் ஜீப்புக்கு முன்னால் நட்டார்கள். வாசலில் இருந்த கோலத்தைப் பெயர்க்க முடியவில்லை. அதனால் அதே மாதிரி ஒன்றை இங்கே போட்டார்கள். இந்த நேர்மை எத்தனை பேருக்கு வரும்?

பத்து மணிக்கு ஹவில்தார் மூச்சிரைக்க ஓடி வந்தார். பின்னாலேயே அமிர்தவல்லி.

"எவன்டா என் வாசலைப் பிடுங்கினது?"

கூடத்தில் கோலம். கோலத்துக்குப் பக்கத்தில் அவர் வீட்டுக் கதவு. கதவுக்கு எதிரே ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. தணிகாசலம் விறைப்பாக சல்யூட் அடித்தான்.

"மாமா, உங்க வாசல்ல வண்டி நிக்குது."

ஹவில்தாரின் மீசை துடித்தது. "அட படுபாவிங்களா! பீரோவுல பொண்ணு நகை பன்னிரண்டு பவுன் இருக்குடா! இப்படிக் கதவைத் தூக்கிட்டு வந்துட்டா கண்ட பய உள்ளே பூருவானேடா!"

அப்பாடா, ஊரில் ஒருத்தருக்காவது புத்தி இருக்கிறதே என்று நான் மூச்சு விட்டேன்.

"பூட்டோடதான் மாமா கொண்டாந்தோம். தொடக்கூட இல்லை" என்றான் தணிகாசலம்.

ஹவில்தார் குனிந்தார். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். இடுப்பில் சாவி இருக்கிறதா என்று தடவிக்கொண்டார். முகம் மலர்ந்தது.

"வயித்துல பால வார்த்தீங்க மாப்பிள்ளை. பூட்டு இவ்வளவு கெட்டியா இருக்கிற வரைக்கும் எவன் உள்ளே போக முடியும்?"