கும்மி மெட்டு பிறந்த இடம்

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்க. இது எங்க கும்மி மெட்டுக்கு வந்த வழக்கு.

எங்க ஜமீனின் ஏழு ஊரிலும் அந்த மெட்டு உண்டு. ஊருக்கு ஒரு மாதிரி பாடுவார்கள், ஆனால் பிறந்தது தன் ஊரில்தான் என்று ஒவ்வொரு ஊரும் சொல்லும். அரண்மனை வித்துவான் சபேசன் ஒருநாள், "அது நான் கட்டிய மெட்டு. இவர்கள் கெடுத்து வைத்திருக்கிறார்கள். இனி அம்மன் கொடைத் திருவிழாவில் எவளும் கும்மி கொட்டக்கூடாது" என்றார்.

ஜமீன்தார் ஊராரைப் பார்த்தார். "அவர் கட்டியது இல்லையென்றால், மெட்டு பிறந்த இடத்தைக் காட்டுங்கள்."

பாட்டுக்குப் பிறந்த இடத்தை எங்கே போய்க் காட்ட? எங்க ஊர் நடவுக்காரி பூவாயி எழுந்தாள்.

"சாமி, ஒருதரம் பாடுங்க, கேட்டுக்கறேன்."

பாடினார். ஒவ்வொரு வரி முடிவிலும் நீளமாக ஒரு நிறுத்தம்.

"அங்க எதுக்கு சாமி நிக்கிறீங்க?"

"அது என் கற்பனை. உனக்கு விளங்காது."

"வயலுக்கு வாங்க. எல்லாருக்கும் விளங்கிரும்."

சபையே வரப்பில் வந்து நின்றது. பூவாயி சேற்றில் இறங்கி, பாடிக்கொண்டே நட்டாள். நிறுத்தம் வந்தபோதெல்லாம் காலைச் சேற்றிலிருந்து உருவிப் பின்னால் வைத்தாள்.

"மெட்டு பிறந்தது சேத்துல எசமான், ஏழு ஊர்ச் சேத்துலயும். மணல் ஊர்ல கால் சட்டுனு வந்துரும், நிறுத்தமும் குட்டி. இத்தனை நேரம் காலைப் பிடிக்கிற களிமண்ணு எங்க ஊர்ல மட்டுந்தான். அரண்மனைக் கல்தரையில கட்டின பாட்டுல எங்க ஊர்க் களிமண்ணு எப்படி ஒட்டுச்சுன்னு சாமியைக் கேளுங்க."

ஜமீன்தார் சிரித்துக்கொண்டே, "கொடையில் கும்மி உண்டு" என்றார்.

பூவாயி ஒரு நாற்றுமுடியை எடுத்து வித்துவான் கையில் கொடுத்தாள். பக்கத்தில் ஓர் ஆள் நடுகிற அளவுக்கு இடம் விட்டு, நகர்ந்து நின்றாள்.