சுயம்பு ஊற்றிய ஆயில்

"வாத்தியாரே, இந்த வெயிலுக்கு எந்த ஆயில் ஊத்தலாம்?" என்று கேட்டார் தவசிமுத்து.

சூசை யாரோ ஒருவருடைய வண்டிச் செயினை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார்.

தார்ச்சாலை தீர்ந்து மணல் தொடங்கும் இடத்தில் இருந்தது அந்தப் பட்டறை. பாலைவனத்துக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்ட வருகிறவர்கள் அங்கே நின்றுதான் போவார்கள். சூசைக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்துவிட்டு, ஊர் திரும்பாமல் ராஜஸ்தானிலேயே தங்கிவிட்டவர். தவசிமுத்துவைவிடப் பதினோரு வயது இளையவர். ஆனாலும் அவர்தான் வாத்தியார், இவர்தான் மாணாக்கர்.

பஞ்சர் ஒட்டப் படித்தாயிற்று. கிளட்ச் கேபிள் மாற்றப் படித்தாயிற்று. ஆயில் மட்டும்தான் பாக்கி.

ஒரு வாரமாக அந்த ஒரே கேள்வி.

முதல் நாள் சூசை ஒரு டின்னை எடுத்து வைத்தார்.

"தண்ணி மாதிரி இருக்கே" என்றார் தவசிமுத்து.

மறுநாள் இன்னொன்று.

"இது ரொம்பக் கெட்டி. விடியக்காலையில ஸ்டார்ட் ஆகுமா?"

அதற்கடுத்த டின்னில் மூடி நசுங்கியிருந்தது. அதுவும் வேண்டாம் என்றார்.

"பொண்ணு பார்க்க வந்த மாமியார்கூட இத்தனை குறை சொல்ல மாட்டா, அண்ணாச்சி" என்றார் சூசை.

தவசிமுத்து சிரிக்கவில்லை.

வண்டி அவருடையது அல்ல. மகன் சுயம்புவுடையது.

இந்த மணலில் வண்டி ஓட்ட வேண்டும் என்று சுயம்புவுக்கு ஆசை. "மணலைப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமாக்கும். நம்ம தேரிக்காட்டுல கிடக்கிறது என்ன, சீனியா?" என்று கேட்டவர் தவசிமுத்துதான். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொன்னவரும் அவர்தான்.

அடுத்த வருஷத்துக்கு முன்னால் மஞ்சள்காமாலை வந்து அவனைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது அவன் குறித்து வைத்த அதே சித்திரை மாதத்தில், வண்டியை ரயிலில் ஏற்றிக்கொண்டு அப்பா வந்திருந்தார்.

"இளகாத ஆயிலா ஒண்ணு சொல்லுங்க, வாத்தியாரே."

சூசை செயினைக் கீழே வைத்தார். வெயிலில் கிடந்த தகரம் ஒன்றை எடுத்துச் சாய்த்து நிறுத்தினார். முதல் இரண்டு டின்களிலிருந்தும் ஒவ்வொரு கரண்டி ஊற்றினார்.

ஒன்று விறுவிறுவென்று ஓடிக் கீழே சொட்டியது. மற்றது மெல்ல இறங்கியது. ஆனால் அதுவும் இறங்கியது.

"ரெண்டும் இளகிருச்சே."

"சூடு பட்டா எல்லாம் இளகும். தொட்டுப் பாருங்க."

முதல் தடத்தில் விரலை ஓட்டினார். தகரம் உரசியது. இரண்டாவதில் ஓட்டினார். விரல் வழுக்கியது.

"இதான் இருபது–ஐம்பது. பின்னால இருக்கிற ஐம்பது, சூட்டுக்கான கணக்கு. இந்த ஊர் வெயிலுக்கு உங்க வண்டிக்கு இதான்."

"அப்ப இதையே ஊத்திரலாம்."

"ஊத்தலாம். பழசை இறக்கணும்."

சூசை ஸ்பேனரை நீட்டினார். தவசிமுத்து அதை வாங்கவில்லை.

"அந்த மூடி நசுங்கின டின்னு எப்படி இருக்கும்னு..."

"அண்ணாச்சி."

சூசை ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"உள்ள இருக்கிறது யார் ஊத்துனது?"

டேங்க் மேலிருந்த மணலைத் துடைத்துக்கொண்டே, "அவன்தான்" என்றார் தவசிமுத்து.

காய்ச்சல் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து அவனே மாற்றினான். சிமெண்டுத் தரையில் கொஞ்சம் சிந்திவிட்டது.

"தரையை நாசம் பண்ணிட்டியேலன்னு ஏசினேன். அதுக்கப்புறம் யாரும் ஆயிலை மாத்தலை."

"இதோட மணலுக்குள்ள போனா பாதி வழியில என்ஜின் இறுகி நின்னுரும். அங்க ஆள் நடமாட்டம் கிடையாது. வண்டியும் மிஞ்சாது, நீங்களும் மிஞ்ச மாட்டீங்க."

"தெரியும்" என்றார் தவசிமுத்து.

சூசை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்ஜினில் ஆயில் ஊற்றும் வாயைத் திறந்து, அதன் மூடியைத் திருப்பிக் காட்டினார். உட்புறத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

"என்ன இது?"

"தயிர் மாதிரி இருக்கு."

"ஆயில்ல தண்ணி கலந்தா இப்படித்தான் இருக்கும்."

"ஒரு சொட்டு மழை பட விட்டதில்லையே. தார்ப்பாய் போட்டு மூடித்தான் வச்சிருந்தேன்."

"வெளியே இருந்து வரலை. வண்டியை ஓட்டுனீங்களா?"

"ஓட்டலை. ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை ஸ்டார்ட் மட்டும் பண்ணுவேன்."

"எவ்வளவு நேரம்?"

"உடனே அணைச்சிருவேன்."

"என்ஜின் நல்லா சூடானாத்தான் உள்ள இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியே போகும். அதுக்கு முன்னால அணைச்சா அங்கேயே தங்கிரும். ஏன் அணைச்சீங்க?"

"சத்தம் கேட்டா அவ வாசலுக்கு வந்துருவா."

அவள் என்றது மனைவி பேச்சியம்மாளை.

"வந்து?"

"நிப்பா."

"என்ன சொல்லுவாங்க?"

"சொல்ல விட்டதில்லை. முகத்தைப் பார்த்ததும் அணைச்சிருவேன்."

சூசை ஸ்பேனரை மறுபடியும் நீட்டினார்.

இந்த முறை கை வாங்கிக்கொண்டது.

அடிப் போல்ட்டை அவரே கழற்றினார். ஆயில் கறுப்பாக இறங்கியது. கயிறு போல விழுந்து, நூலாகி, சொட்டாகியது. போல்ட்டை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு குந்தியிருந்தார். கடைசிச் சொட்டு விழுந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. சூசை அவசரப்படுத்தவில்லை.

"தேன் நிறமா ஊத்துனான், வாத்தியாரே."

"உழைச்ச ஆயில் கறுக்கத்தான் செய்யும்."

புது வாஷர் போட்டுப் போல்ட்டை முடுக்கினார். வடிகட்டியை மாற்றினார். இருபது–ஐம்பதை ஊற்றினார். ஒரு துளியும் கீழே சிந்தவில்லை. சாவியைத் திருப்பிக் கிக்கரை உதைத்தார். வண்டி இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

"எவ்வளவு நேரம் ஓடணும்?"

"நல்லா சூடாகிற வரைக்கும். வீட்டுக்குப் போன் போடுங்க."

"என்னன்னு சொல்ல?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

போனைப் போட்டார். அந்தப் பக்கம் எடுத்த சத்தம் கேட்டதும், ஒன்றும் சொல்லாமல் என்ஜின் பக்கமாகப் பிடித்தார். கொஞ்ச நேரம் கழித்துக் காதில் வைத்து அழுத்தினார்.

அந்தப் பக்கமிருந்து மூச்சு மட்டும் வந்தது.

பழக்கத்தில் அவருடைய மறுகை சாவிக்குப் போனது.

"அணைச்சிராதீங்க" என்றாள் பேச்சியம்மாள்.