பொடியும் சத்தியமும்

நிதானமாகக் கேட்டு நிதானமாகப் பதில் சொல்லுங்கள். அவசரக்காரர்களுக்கு இந்தக் கதை ஆகாது.

தாமிரபரணிக் கரையோரம், பீடி சுற்றும் தெரு ஒன்றில் இசக்கிராஜின் மனைவி சண்முகத்தாய்க்கு முடக்குவாதம் வந்து விரல் மூட்டெல்லாம் வீங்கிப்போனது. கந்தப்பழம் என்ற நாட்டு வைத்தியர் பச்சிலைப் பொடி ஒன்றைக் கொடுத்தார். மடங்காத விரல் மடங்கியது. முகமும் உருண்டு பளபளத்தது. தெருவே மெச்சி அதே பொடியை வாங்கித் தின்றது. மாதங்கள் ஓடின. இந்த மாதிரிப் பொடிகளில் இங்கிலீஷ் மாத்திரை கலக்கிறார்கள் என்று டீக்கடையில் யாரோ சொல்ல, பயந்துபோன இசக்கிராஜ் வீட்டிலிருந்ததை அப்படியே சாக்கடையில் கொட்டினான்.

அந்த வாரமே சண்முகத்தாய் வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது.

"என்ன மருந்து சாப்பிட்டாங்க? எனக்கு இப்பவே தெரியணும்" என்றார் டாக்டரம்மா.

இசக்கிராஜ் வைத்தியருக்குப் போன் போட்டான்.

"டாக்டரத் தவிர யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்னு உம்ம பொண்டாட்டி தலையில சத்தியம் பண்ணும். சொல்லுதேன்" என்றார் கந்தப்பழம். உயிர் ஊசலாடும் நேரத்திலும் பேரம் பேசுகிற மனிதரை என்ன சொல்ல? இசக்கிராஜ் சத்தியம் செய்தான். கலந்தது ஸ்டீராய்டு என்றார் வைத்தியர்.

கேட்டதும் டாக்டரம்மா அதே வகை மருந்தை ஊசியில் ஏற்றினார்.

"கொட்டுன எழவையே திரும்ப ஏத்துதீங்களே" என்று பதறினான்.

"இது உடம்பு தானா சுரக்கிற ஹார்மோன். வெளிய இருந்து வந்துக்கிட்டே இருந்தா உடம்பு சுரக்கிறத விட்டுரும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்" என்றார் அவர்.

சண்முகத்தாய் இன்னும் கண் திறக்கவில்லை. அந்நேரம் அவள் தங்கை பிரமாச்சி போனில் அழைத்தாள்.

"அத்தான், பொடியிலதான் கோளாறுன்னு தெருவுல பேசுதாவ. நாங்க அம்புட்டுப் பேரும் அதத்தான திங்கோம்? சாக்கடையில கொட்டிரட்டுமா?"

சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொள்வதா? கொட்டச் சொல்வதா? இசக்கிராஜ் என்ன பதில் சொன்னால் சரி?

விடை: இரண்டுமே தப்பு. மூடி மறைத்தால் தெரு விஷத்தையே தின்றுகொண்டிருக்கும். கொட்டச் சொன்னால் தெருவே வந்து பக்கத்துக் கட்டில்களில் விழும். சண்முகத்தாயைச் சாய்த்ததில் வைத்தியரின் கலப்படம் பாதி, சட்டென்று நிறுத்திய தன் கை பாதி என்று உறைத்தபோது இசக்கிராஜுக்கு அழுகை வந்துவிட்டது. மனைவியின் தலையைப் பார்க்கத் துணிவில்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று சொன்னான்: "அதுல ஸ்டீராய்டு கலந்திருக்கு தாயி. ஆனா கொட்டிராத, இன்னைக்கு உள்ளதையும் தின்னுட்டு எல்லாரையும் கூட்டிக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வா."