சுடாத டம்ளர்

ஃபைனலுக்கு முன்னாடி எந்த மாஸ்டராவது தன் டீமோட முதல் ரைடரை உக்கார வைப்பாரான்னு கேக்கிறியே, மரியதாசன் மாஸ்டர் உக்கார வைக்கவே இல்லடி. ஆடாதேன்னு ஒரு வார்த்தை சொல்லலை. முழுசாக் கேளு.

அன்னிக்கு கபடி ஃபைனல். அந்த முதல் ரைடர் நாகஜோதியைப் பாக்கன்னே ரயில்வே டீம்காரங்க வந்து உக்காந்திருந்தாங்க. நல்லா ஆடிட்டா வேலை. அந்த வேலையை நம்பித்தான் அவ வீடே இருந்துச்சு.

ஆனா வலது முட்டி பன்னு மாதிரி வீங்கிக் கிடந்துச்சு. வீங்காம? வந்ததும் நாலு சுத்து ஓடி உடம்பைச் சூடாக்க மாட்டா, நேரா களத்துல குதிப்பா. ஓய்வு எடுன்னா, யாருக்கும் தெரியாம கட்டாந்தரையில தனியா ஆடிப் பாப்பா. மாஸ்டர் சொல்லிச் சொல்லி ஓஞ்சு போனாரு. அவ அம்மாவும் இந்த ரகம்தான். கல்யாணத்தன்னிக்குப் பல்வலி. கிராம்பை அடக்கிக்கிட்டே வந்தவங்களுக்கெல்லாம் சிரிச்சா. மறுவீட்டு போட்டோவுல பாத்தா, கன்னம் வீங்கி, பூசணிக்காய்க்குப் பூ வச்ச மாதிரி நிப்பா. அது கிடக்கட்டும்.

ரூமுக்குள்ள ஜோதி, மரத்துப் போற ஸ்பிரேயை முட்டியில அடிச்சுக்கிட்டிருந்தா. மாஸ்டர் டீயோட உள்ள வந்தாரு. மறைக்கப் பாத்தா, முடியலை.

"இப்ப வலியே இல்ல மாஸ்டர். வலிக்கலேன்னா ஆடலாம்ல?"

வெளிய மைக்குல டீம் பேரைக் கூப்பிட்டாச்சு. மாஸ்டர் ஸ்பிரேயை வாங்கித் தன் உள்ளங்கையில அடிச்சாரு, வெள்ளையாப் பூக்குற வரைக்கும். அப்புறம் ஆவி பறக்குற எவர்சில்வர் டம்ளரை அந்தக் கையால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு.

முகத்துல ஒரு சுளிப்பு இல்ல. விரலெல்லாம் செவந்துக்கிட்டு வருது. ஜோதி அதையே பாத்துக்கிட்டு நிக்கிறா. மைக்குல மறுபடியும் கூப்பிடுறாங்க. அவரு அசையலை.

"கீழ வைங்க மாஸ்டர்."

"ஏன்?"

"கை வெந்துரும்."

"சுடலையே ஜோதி. சுடாதப்ப எதுக்குக் கீழ வைக்கணும்?"

வெடுக்குன்னு டம்ளரைப் பிடுங்கினா. டீ தரையெல்லாம் சிந்துச்சு. வாசலைப் பாத்தா. அவரு கையைப் பாத்தா. அப்புறம் கீழ உக்காந்து ஷூ லேஸை அவுத்துக்கிட்டே, மாத்து ஆளா வெளிய பெஞ்சுல உக்காந்திருந்த செண்பகத்தைக் கூப்பிட்டா.

"செண்பகம், மாஸ்டர் கைக்கு ஒரு வாளி தண்ணி உள்ள கொண்டா. எனக்கு ஐஸ் எடுத்துக்க. வர்றப்பவே ஷூ மாட்டிக்கிட்டு வா."