செவ்வந்திச் சரிவு

“அம்மை, இந்த மாசாணம் ஆத்தைக் கெடுத்துட்டான். இருட்டுறதுக்குள்ள ஆட்டை ஓட்டிக்கிட்டு அக்கரைக்குப் போயிரணும்னு சொல்லிட்டேன்.”

சொன்னவர் திரவியம். ஊர் நாட்டாமையாக இருந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு மடத்துக்குச் சீடராக வந்தவர். தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தை மட்டும் விடவில்லை.

குரு வெள்ளையம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வயதில் அவருக்கு மகளாக இருக்கலாம்.

வாசல் இறவாரத்தில் மாசாணம் நின்றான். இரண்டு கக்கத்திலும் இரண்டு ஆட்டுக்குட்டிகள்.

“நேத்துப் பொறந்த குட்டிங்கம்மா. இந்த வெள்ளத்துல எறக்குனா ஒண்ணுகூடக் கரை சேராது.”

திரவியம் ஒரு செம்பை நீட்டினார். தண்ணீர் செக்கச்செவேல் என்று இருந்தது.

“நம்ம படித்துறையில மொண்டது. காட்டுலேர்ந்து தெளிவாத்தான் வருது. இவன் பட்டியைத் தாண்டினதும்தான் சிவக்குது. முதல் மழைக்கே இப்படின்னா?”

“ஆட்டுப் புழுக்கை சிவப்பாவா இருக்கும், பெரியவரே?”

மாசாணம் சிரித்துவிட்டான். திரவியம் முறைத்தார். குட்டி ஒன்று கத்தியது.

“புழுக்கை இல்ல அம்மை. குளம்பு. கரையை மிதிச்சுக் கலக்குதுங்க.”

“கொஞ்சம் கலக்கும்தான். போன வருஷம் முதல் மழைக்குத் தண்ணி எப்படி இருந்தது?”

“நல்லாத்தான் இருந்தது.”

“அப்போ ஆடு?”

“இருந்தது.”

அவர் குரல் இறங்கியது. உடனே நிமிர்ந்தது.

“ஆனா அப்போ மடம் இருந்த லட்சணம் வேற. படித்துறைக்கு மேல சரிவு முழுக்கப் புதரும் புல்லும். நான்தான் வெட்டி, கொத்தி, பூசைக்குச் செவ்வந்தி வச்சேன். இன்னிக்குப் போய்ப் பாருங்க, ஒரு புல் கிடையாது. உள்ளங்கை மாதிரி வச்சிருக்கேன்!”

“ரொம்ப சுத்தம்,” என்றாள் குரு.

வெளியே மறுபடி மழை பிடித்தது.

அவள் கீரைமுறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“வாங்க பெரியவரே, நனைவோம்.”

“என்னது?”

அவள் அதற்குள் முற்றத்தில் இறங்கியிருந்தாள். வேறு வழியில்லாமல் அவரும் இறங்கினார்.

இருவர் நெற்றியிலும் திருநீறு. குருவுக்கு அடர்ந்த சடை. சீடருக்குப் புதிதாக மழித்த தலை.

மழை வலுத்தது.

திரவியத்தின் உச்சியில் விழுந்த தண்ணீர் எங்கும் நிற்காமல் நெற்றிக்கு வந்தது. பட்டையாகப் பூசியிருந்த திருநீற்றை வாரிக்கொண்டு கண்ணிலும் வாயிலும் இறங்கியது.

“தூ! தூ!”

மாசாணம் ஒரு குட்டியின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான்.

குருவின் திருநீறு கலையவில்லை. சடை மழையை வாங்கி வாங்கி, நிதானமாக முதுகுப் பக்கம் சொட்டவிட்டது.

“இதென்ன நியாயம் அம்மை? ரெண்டு பேருக்கும் ஒரே மழைதானே?”

“அதானே!”

“உங்களுக்கு முடி இருக்கு, தாங்கிக்குது. எனக்கு மொட்டை. வழவழன்னு...”

திறந்த வாய் மூடவில்லை. மழை அதற்குள்ளும் பெய்தது.

அவர் மெல்லத் திரும்பினார். முற்றத்திலிருந்தே சரிவு தெரிந்தது. செவ்வந்திப் பாத்திகளுக்கு நடுவே சிவப்பு சிவப்பாகத் தண்ணீர் படித்துறைக்கு ஓடிக்கொண்டிருந்தது.

குரு கீரைக்குத் திரும்பிவிட்டாள்.

திரவியம் வாசலுக்கு வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“மாசாணம், நீ எங்கயும் போக வேண்டாம். குட்டிங்களைத் தாய்கிட்ட விடு, பால் குடிக்கட்டும்.”

“சரிங்க சாமி.”

“ஆனா ஒண்ணு. அந்தச் செவ்வந்திச் சரிவுப் பக்கம் மட்டும் ஆட்டை விட்றாதே.”

“தெரியும் சாமி. பூவைத் தின்னுரும்.”

“பூவைத் தின்னா தின்னுட்டுப் போகுது,” என்றார் திரவியம். “இனிமே முளைக்கப்போற புல்லைத் தின்னுரும்டா!”