யாரைக் கேட்டுப் பச்சை?

நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவுக்குப் பர்வீன் பொறுப்பு. ஐம்பது வயதில் வேலை மாறி வந்த ஞானசிகாமணி, தன்னைவிட இளையவரான அவரிடம்தான் புரோகிராம் எழுதப் பழகினார்.

ரத்த வங்கியின் குளிர்பெட்டியை ஒரு புரோகிராம் கண்காணித்துவந்தது. கணினியின் பின்னணியில் சத்தமில்லாமல் ஓடும். திரையில் எதுவும் தெரியாது. சூடு ஏறினால் மட்டும் மணி அடிக்கும்.

அங்கே வேலை பார்த்த லூர்துமேரிக்கு அதில் நம்பிக்கை இல்லை. நொடிக்கொரு தரம் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து பார்ப்பார். திறக்கும்போதெல்லாம் குளிர் வெளியேறியது.

"அவங்க கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒரு ஐகான் வைங்கண்ணே" என்றார் பர்வீன்.

ஞானசிகாமணி சீக்கிரமே செய்துவிட்டார். திரையின் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், பச்சை நிறத்தில் ஒரு சின்னத் துளி.

"அழகா இருக்கு" என்ற பர்வீன், பின்னணியில் ஓடிய புரோகிராமை நிறுத்தினார்.

துளி பச்சையாகவே இருந்தது.

"இது யாரைக் கேட்டுப் பச்சையா இருக்குண்ணே?"

ஞானசிகாமணி தான் எழுதியதைத் திறந்து பார்த்தார். துளி யாரையும் கேட்கவில்லை. திறந்ததும் பச்சை என்று அவர்தான் எழுதிவைத்திருந்தார். துளிக்கும் புரோகிராமுக்கும் பேச்சே இல்லை.

மறுபடி உட்கார்ந்தார். இப்போது துளி அடிக்கடி புரோகிராமிடம் கேட்டது. எல்லாம் சரி என்று பதில் வந்தால் பச்சை. சூடு ஏறுகிறது என்றால் சிவப்பு. பதிலே வராவிட்டால் சாம்பல்.

பர்வீன் மறுபடியும் புரோகிராமை நிறுத்திப் பார்த்தார். துளி சாம்பலானது.

"கொண்டுபோய் வைங்க."

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் லூர்துமேரி போன் செய்தார்.

"சார், துளி சாம்பலா ஆயிட்டு!"

ஞானசிகாமணி ஓடினார். மின்சாரம் போய் வந்ததும் கணினியும் துளியும் மறுபடி வந்துவிட்டன; புரோகிராம் வராமல் நின்றிருந்தது. கூடவே குளிர்பெட்டியும் நின்றிருந்தது. நிறம் மாறியதைப் பார்த்ததுமே லூர்துமேரி பெட்டியைத் திறந்து பார்த்து, ரத்தப் பைகளை எல்லாம் வேறு பெட்டிக்கு மாற்றியிருந்தார். ஒரு பைகூடக் கெடவில்லை.

திட்டு வாங்கத் தயாராக நின்றவரின் கைகளை லூர்துமேரி பிடித்துக்கொண்டார்.

"மேல ஒரு பிரசவக் கேஸ் இருக்கு சார். அந்தப் பொண்ணுக்கு வேண்டிய ரத்தம் இதுலதான் இருந்தது. நீங்க நல்லா இருக்கணும்."

அவர் கண் கலங்கியிருந்தது.

ஞானசிகாமணி திரும்பி வந்து பர்வீன் எதிரில் உட்கார்ந்தார்.

"நம்ம புரோகிராம் நின்னுபோச்சு மேடம். அதுக்குப் போய்க் கையைப் பிடிச்சு நன்றி சொல்றாங்களே. ஏன்?"

"நின்னுபோனதைத் துளி மறைக்காம சொல்லிடுச்சே. இனிமே பச்சையா இருந்தா அவங்க எழுந்து போய்ப் பாக்காம உட்காரலாமே, அண்ணே" என்றார் பர்வீன்.